நாலாம் தட்டின் திருகாணிகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதமாகப் போன் வந்துகொண்டிருக்கிறது. கேட்பவர்கள் இப்போது அங்கே வேலையில் இருக்கும் பிள்ளைகள். கருவிக்குள் தட்டு மாட்டுவதற்கு இப்போது லேசரும் கேமராவும் வந்துவிட்டனவாம். மாட்டி முடித்த பிறகும் உள்ளே ஓர் ஒளிக்கற்றை ஓயாமல் அளந்துகொண்டே இருக்குமாம். “வெறும் கையால மாட்டுன காலத்துல தப்பே வந்ததில்லையா சார்?” என்று ஒருவன் கேட்டான். அவன் குறும்பாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று தெரியவில்லை. வந்தது. என் கையால்தான் வந்தது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, இனி யாரும் என் பென்ஷனைப் பிடுங்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ. ஃபிட்டர். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போட்ட குடும்பத்தில் பிறந்தவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் பட்டறையில் சில வருடம் கையெல்லாம் கிரீஸோடு கிடந்தேன். அப்புறம் பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியில் அண்டக்கதிர் ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அண்டக்கதிர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஒரு பித்தளைக் கட்டியைக் கொடுத்து அராவிக் காட்டச் சொன்னார்கள். அராவினேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. முதல் வருடம் முழுக்க, “தொடாதீங்க” என்ற சொல்லைத்தான் அதிகம் கேட்டேன்.

எதற்காக அந்த வேலை என்பதை எனக்குப் புரிந்தமட்டில் சொல்லிவிடுகிறேன். வானத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற எடை மட்டும் அவற்றைக் கட்டிப் பிடித்து வைக்கப் போதாது. தெரியாத எடை ஒன்று இருக்க வேண்டும். அதற்குக் கரும்பொருள் என்று பெயர். அந்தக் கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால், பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் பிறக்கும் என்பது ஒரு கருத்து. மேலேயிருந்து நம் தலையில் கொட்டுகிற அண்டக்கதிரில் புரோட்டான்கள் ஏராளம், எதிர்ப்புரோட்டான்கள் மிக மிக அபூர்வம். ஆகவே எதிர்ப்புரோட்டான் இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலாகத் தென்பட்டால், அது கரும்பொருளின் தடயமாக இருக்கலாம். உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் இதற்காக விண்வெளிக்கே கருவி அனுப்புகிறார்கள். நாங்கள் பலூன்காரர்கள். சாத்தான்குளத்துக்கு மேற்கே ஒரு பொட்டலிலிருந்து பலூன் விடுவோம். விமானம் போகிற உயரத்துக்கு மூன்று மடங்கு மேலே போய் மிதக்கும்.

கருவியின் நடுவில் ஒரு பெரிய காந்தம். அதற்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு சிலிக்கான் தட்டுகள். துகள் புகுந்து போகும்போது ஒவ்வொரு தட்டும் அது எங்கே துளைத்தது என்று சொல்லும். ஆறு புள்ளிகளையும் சேர்த்தால் பாதை தெரியும். புரோட்டான் ஒரு பக்கம் வளையும், எதிர்ப்புரோட்டான் மறுபக்கம் வளையும். சிக்கல் எங்கேயென்றால், மிக வேகமான துகள் அநேகமாக நேராகவே போய்விடும். அப்படிப்பட்ட நேர்கோட்டில் ஒரு தட்டு மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு தள்ளி நின்றாலும், வலப்பக்கம் வளைந்தது இடப்பக்கம் வளைந்ததாகத் தெரியும். வாசல் நிலை துளி சாய்ந்திருந்தால் கதவு தானாகத் திறந்துகொள்கிறதே, அதுபோலத்தான். புரோட்டானெல்லாம் எதிர்ப்புரோட்டான் வேஷம் கட்டி வந்து நிற்கும். அந்த ஆறு தட்டுகளையும் மாட்டுவது என் வேலை.

எங்களுக்குத் தலைவர் எஸ்தர் மேடம். நாசரேத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பெண். என்னைவிட நாலு வயது இளையவர். சாதாரணமாக என்னை அண்ணாச்சி என்பார், மனசு கசந்தால் மிஸ்டர் சுடலைமுத்து ஆகிவிடுவேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “எப்படித் தெரியும்?” என்பார். மழை வரும் போலிருக்கு மேடம் என்றால்கூட அதே கேள்விதான். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் ஒருநாள் என் மனைவி பார்வதி குழம்பில் உப்புக் குறைவு என்றாள். நானும் எப்படித் தெரியும் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தட்டு மாட்டுவதற்கு மேடம் ஒரு முறை வைத்திருந்தார். தட்டின் நாலு மூலையிலும் நாலு திருகாணிகள். முதலாவதைக் கால் சுற்று இறுக்க வேண்டும், அப்புறம் அதற்கு எதிர் மூலை, அப்புறம் மற்ற இரண்டு. மறுபடி முதலாவது, கால் சுற்று. தட்டு ஒரு பக்கமாக இழுபடாமலிருக்க இப்படிக் குறுக்கும் மறுக்குமாகப் போய், கடைசியில் அளவு காட்டும் ஸ்பேனரில் முடிக்க வேண்டும். ஒரு தட்டுக்கு முக்கால் மணி நேரம். பிறகு ஏசி போட்ட அறையில் ஒருநாள் முழுக்க ஆறவிட்டு, நுண்ணோக்கி வைத்து அளப்போம். அளந்து முடிந்ததும் ஒவ்வொரு திருகாணித் தலைக்கும் தட்டுக்குமாகச் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். யாராவது திருகாணியைத் தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டுக்கு நகப்பாலிஷை விட்டால் வேறு சாமான் கிடையாது. உப்புக்காற்றுக்கு மற்ற பெயின்டெல்லாம் உரிந்துவிடும். ஃபேன்சி ஸ்டோர் பெண் ஒவ்வொரு தடவையும் என் மீசையையும் பாலிஷ் குப்பியையும் மாறி மாறிப் பார்க்கும். பார்வதி சட்டைப் பையில் குப்பியைக் கண்டெடுத்து, “கட்டுன பொண்டாட்டிக்கு வாங்கித் தராம, இரும்புக்கு வாங்கிப் பூசுதீங்களாக்கும்” என்று ஒரு வாரம் ஓட்டினாள். மறுநாளே அவளுக்கும் ஒன்று வாங்கினேன், அவள் பூசவில்லை.

கோடு போட்ட பிறகு மேடம் இல்லாமல் அதை உடைக்கக் கூடாது. கூடம் முழுவதற்கும் அது ஒன்றுதான் சட்டம்.

அந்த வருடம் பலூன் ஏற இரண்டு நாள் இருக்கும்போது மேடம் விமானப் போக்குவரத்து அனுமதிக்காகச் சென்னை போயிருந்தார். கருவியை மூடி வைக்குமுன், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலாம் தட்டின் பதிவில் மட்டும் இரைச்சல் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஒயர் தட்டின் விளிம்புக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. தட்டைத் தூக்காமல் அதை எடுக்க முடியாது. தூக்கினால் கோடு உடையும், மேடம் வரவேண்டும், மறுபடி ஆறவிட்டு அளக்க வேண்டும், குறைந்தது இரண்டு நாள் போகும். வானிலைக்காரரோ காற்று இரண்டு நாள்தான் அடங்கி இருக்கும், அப்புறம் கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பிவிடும் என்று சொல்லியிருந்தார். கச்சான் கிளம்பினால் அந்த வருடம் பலூன் கிடையாது.

நான் மேடத்துக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எனக்குக் கைத்திறமையில் இருந்த கர்வம் அப்படி. தட்டில் இரண்டு ஊசிகள் இருக்கின்றன, துளையில் உட்கார்ந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோடுகளைச் சுரண்டினேன், நாலு திருகாணிகளையும் கழற்றினேன், ஒயரை விடுவித்தேன், தட்டைத் திரும்ப வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் வருமுன் முடிக்க வேண்டுமென்று ஒரே அவசரம். குறுக்கும் மறுக்குமாக இறுக்கவில்லை. கடிகாரம் சுற்றுவதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒரே மூச்சில் இறுக்கினேன். பிறகு பாலிஷ் எடுத்து நாலு புதுக்கோடு போட்டேன். என் கோடு எப்போதுமே சுத்தமாக இருக்கும். பழையதுக்கும் புதியதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

பலூன் ஏறியது. ஒரு பகலும் ஓர் இரவும் மிதந்தது. இறங்கும்போது மட்டும் பாராசூட் ஒரு பனங்காட்டில் சிக்கி, கருவி சாய்ந்து விழுந்து தட்டெல்லாம் குலுங்கிவிட்டது. பதிவான தகவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தட்டுகள் மேலே எப்படி நின்றன என்று இனி அளந்து பார்க்க வழியில்லை.

அந்தத் தகவலை அலசியது நஸ்ரின். காயல்பட்டினத்துப் பெண், மேடத்திடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தது. தகப்பனார் துபாயில் கடை வைத்திருந்தார். பெண் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே லேப்டாப்பைத் திறந்துகொண்டு இறங்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். தட்டுகள் எங்கெங்கே நிற்கின்றன என்று கணக்குப் போடுகிற நிரலை எழுதியதும் அதுதான். பலூன் ஏறுவதற்கு முந்திய வாரம் தரையில் எடுத்த அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. அதாவது, நான் தட்டைக் கழற்றுவதற்கு முன்னால் எடுத்த அளவுகள்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் நஸ்ரின் முகமெல்லாம் சிரிப்பாக வந்தது. எதிர்ப்புரோட்டான் எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கிட்டங்கி முழுக்கத் திருவிழாவாகிவிட்டது. யாரோ மக்ரூன் வாங்கி வந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், நாலாம் தட்டு நினைவில்கூட இல்லை. மேடம் மட்டும் மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல், “எப்படித் தெரியும்?” என்றார்.

அப்புறம்தான் சோதனைகள் ஆரம்பமாயின. மேடம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். என் முறை வந்தது.

“அண்ணாச்சி, அளந்ததுக்குப் பெறவு தட்டுல யாராச்சும் கை வச்சாங்களா?”

“இல்ல மேடம்,” என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே திக்கென்றது. திருத்திச் சொல்ல அந்த நிமிடமே போதும். நான் திருத்தவில்லை. மேடம் பலூன் ஏறுமுன் எடுத்த படங்களைப் பார்த்தார். இருபத்துநாலு சிவப்புக் கோடுகளும் உடையாமல் இருந்தன. கோடு அப்படியே இருக்கிறது, ஆகவே தட்டு நகரவில்லை என்று நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார். நான் போட்ட கோடு எனக்காகப் பொய்சாட்சி சொல்லியது.

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பூமியின் காந்த நடுக்கோடு போகிறது. பலூன் விட இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இங்கே பூமியின் காந்தமே ஒரு சல்லடை. நாங்கள் தேடிய வேகத்தில் வரும் எதிர்ப்புரோட்டான் கிழக்கிலிருந்து, கடல் பக்கமிருந்துதான் வர முடியும். மேற்கிலிருந்து வர அநேகமாக வழியே கிடையாது. புரோட்டானுக்கு இது தலைகீழ். ஆனால் மிகமிக வேகமான புரோட்டானைப் பூமியின் காந்தம் ஒன்றும் செய்யாது, இரண்டு பக்கமிருந்தும் சமமாக வரும். பலூன் மேலே சுழன்றுகொண்டே இருந்ததால், எந்த நேரத்தில் எந்தத் திசை பார்த்தது என்ற பதிவைப் பிரித்தெடுக்க நஸ்ரினுக்கு நாள் பிடித்தது. பிரித்துப் பார்த்தால், எதிர்பார்த்ததற்கு மேல் கூடுதலாக இருந்தவை கிழக்கிலும் மேற்கிலும் சரிபாதியாக வந்திருந்தன.

வரவே முடியாத திசையிலிருந்து வந்தால் அவை எதிர்ப்புரோட்டான் அல்ல. வேகமான புரோட்டான்கள் வேஷம் கட்டியிருக்கின்றன. வேஷம் கட்டிவிட்டது யார்? தட்டு நகரவில்லை என்று நோட்டில் எழுதியாயிற்று. அப்படியானால் தட்டுகளின் இடத்தைக் கணக்குப் போட்ட நிரலில்தான் தப்பு. நிரல் நஸ்ரினுடையது.

அந்தப் பெண் அதற்குப் பிறகு பட்ட பாட்டை நான் மூன்று வாரம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கான வரிகளை அச்சடித்து வைத்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். உதவித்தொகை முடிய நாலு மாதம்தான் பாக்கி. அதற்குள் ஆய்வேட்டை முடிக்காவிட்டால் நாலு வருடப் படிப்பு நடுவில் நிற்கும். ஒருநாள் மேடத்திடம், முழு நிரலையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகும். நல்ல கெட்டிக்காரப் பெண். அதற்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. தப்பு அங்கே இல்லை என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தான். எழுதுகிறபோது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலை போய்விடும் என்று பயந்தேனா என்றால், இல்லை. ஓய்வுக்குக் கொஞ்ச வருடம்தான் இருந்தது. சுடலைமுத்து கை வைத்தால் தப்பாது என்ற பேர் ஒன்று இருந்ததே, அதை விட மனசில்லை. அந்தப் பேரைத் தவிர வேறு எதையும் நான் சம்பாதிக்கவில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. பார்வதி இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எதிர்ப்புரோட்டானெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

“ஒரு பொம்பளப்பிள்ள மூணு வாரமா சோறு திங்காம கெடக்கு. நீங்க போயிச் சொல்லுதீங்களா, இல்ல நான் வந்து சொல்லட்டா?”

“ஏளா, நீ சும்மா இரு. நானே சொல்லுதேன்,” என்றேன்.

மறுநாள் காலை மேடம் அறைக்குப் போனேன். கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“மேடம், நாலாம் தட்ட நான் கழத்தி மாட்டுனேன். நீங்க சென்னை போயிருந்தப்ப. கோட்டையும் நான்தான் திரும்பப் போட்டேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அந்த இரண்டு மடங்கு நிஜமாக இருந்திருந்தால் அவர் வாழ்க்கையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. மேற்கிலிருந்தும் வந்ததுமே அது போய்விட்டது என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு மூலையில் ஆசை மிச்சமிருந்திருக்கும். நான் அதையும் துடைத்துவிட்டேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

“எந்த வரிசையில இறுக்குனீங்க?” என்றார்.

மேசைமேல் கையை வைத்துக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எந்தக் கையால், தட்டை எந்தப் பக்கம் பிடித்திருந்தேன் என்று கேட்டார். வலது கையால் இறுக்கினேன், இடது கை கடல் பக்கத்து மூலையில் இருந்தது என்றேன். ஊசிக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் இம்மி இடத்துக்குள் தட்டு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று ஒரு படம் போட்டார். பிறகு பணிப்பதிவு நோட்டை எடுத்து, பலூன் ஏறுவதற்கு இரண்டு நாள் முந்திய பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

“மிஸ்டர் சுடலைமுத்து, கீழ எடம் இருக்கு. இன்னைக்குத் தேதியப் போட்டு, நடந்தத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மொதல்ல நஸ்ரின்கிட்ட சொல்லிட்டு வாங்க.”

நஸ்ரினிடம் சொன்னபோது அது அழவில்லை. கையிலிருந்த ஸ்கேலை மெதுவாக மேசையில் வைத்தது.

“மூணு வாரமா நான் என்னையேல்ல சந்தேகப்பட்டுக்கிட்டிருந்தேன் சார்,” என்றது. அப்புறம் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எந்தத் தட்டு என்று தெரியாமல் ஆறையும் கணக்கில் நகரவிட்டால் விடை எங்கேயும் நிற்காதாம். நாலாவது மட்டும்தான், அதுவும் இந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் மூன்றே நாளில் நஸ்ரின் முடித்துவிட்டது. நாலாம் தட்டு மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு விலகியிருந்தது. அதைத் திருத்தியதும் மேற்கிலிருந்து வந்த எதிர்ப்புரோட்டான்கள் அடியோடு காணாமல் போயின. கிழக்கிலிருந்து வந்த கொஞ்சம் மட்டும் நின்றது. எண்ணிப் பார்த்தால் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. கரும்பொருளின் தடயம் எதுவும் இல்லை என்று கட்டுரை போயிற்று. இல்லை என்று உறுதியாகச் சொல்வதும் ஒரு வேலைதான் என்பார் மேடம். அடுத்த முறை பலூன் ஏறியபோதும் தட்டுகளை என்னைத்தான் மாட்டச் சொன்னார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கால் சுற்றையும் எண்ணினார். எனக்கு அது அவமானமாகவே இல்லை. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை என் வேலையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, ராஜா மாதிரி வேலை பார்த்தேன்.

நஸ்ரின் ஆய்வேட்டைக் கெடுவுக்குள் முடித்துவிட்டது. கிழக்கு மேற்கு வைத்துக் கருவியின் கோணலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஓர் அத்தியாயமே எழுதியிருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு என்னையும் கூப்பிட்டது. கோட்டும் சூட்டுமாக வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர் அந்த அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டே வந்து, தட்டு பறந்தபோது நகர்ந்ததா, அதற்கு முன்பே நகர்ந்திருந்ததா, அதற்கு என்ன சான்று என்று கேட்டார்.

“அதை மாட்டினவரே சொன்னார் சார். பின்னால உக்காந்திருக்கார்,” என்றது நஸ்ரின்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அது நடந்தேவிட்டது. எழுந்து நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். கோடு உடையவில்லை, படம் இருக்கிறது, நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காதே, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

“அந்தப் பிள்ள அதோட கணக்குல தப்பத் தேடிக்கிட்டிருந்துச்சி சார்,” என்றேன். “தப்பு அங்கன இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

அவர் தலையசைத்து எதையோ எழுதிக்கொண்டார். நஸ்ரின் என்னைப் பார்த்து, “உக்காருங்க சார்,” என்றது. பிறகு திரைப்பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று, அடுத்த படத்தைப் போட்டது.